கேமரா கம்பெனியிடம் ஸ்கூட்டர் பணம் கேட்கலாமா?

கேள்வி: பெங்களூரு மர்பி டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வாசலுக்கு விளக்கோடு சேர்ந்த கேமரா ஒன்றை ஆன்லைனில் 12,800 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். இரண்டாவது வாரமே தகராறு. ராத்திரி யாராவது நடந்தால் விளக்கு எரியும், எரிந்த உடனே கேமரா ஆஃப்லைன் போய்விடும். ஒன்றரை மாதமாக கஸ்டமர் கேருக்கு மெயில் மேல் மெயில் போட்டும் ரீசெட் பண்ணுங்கள் என்பதைத் தவிர பதில் இல்லை. மச்சானுக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் கழற்றி ஒயர் மாற்றிக் கொடுத்தார், அப்படியும் சரியாகவில்லை. போன மாதம் வாசலில் நின்ற ஸ்கூட்டர் திருடு போய்விட்டது. அந்த நேரத்துக்கு ஒரு வினாடிகூடப் பதிவு இல்லை. எதிர்வீட்டுப் பையன் மேல்தான் சந்தேகம். அவன் எங்கள் வண்டியைச் சுற்றி வந்த பழைய கிளிப்பைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், அவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். என் மனைவிக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது. கம்பெனி இப்போது கேமரா விலையை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறது. ஸ்கூட்டருக்கு 1,10,000 ரூபாய், மன உளைச்சலுக்கு 3 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா சார்?

பதில்: போடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது. போடலாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. போட்டால் கையில் இருப்பதும் போகுமா என்பதுதான் கேள்வி, என் கணக்குப்படி போகும்.

கஸ்டமர் கேர் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை, மனைவிக்குத் தூக்கம் இல்லை, எதிர்வீட்டுக்காரர் முறைக்கிறார். வருத்தம்தான், ஆனால் வழக்குக்கு இதில் எதுவும் உதவாது. உதவுவது ஒன்றுதான்: அந்தக் கேமராவை முதலில் திறந்தது யார்? உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், மச்சானுக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் என்று.

பொருளில் குறை இருக்கிறது என்று காட்டவேண்டியவர் நீங்கள். பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38வது பிரிவுப்படி ஆணையம் பொருளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும், செலவை உங்களைக் கட்டச் சொல்லலாம். உங்கள் கேமராவை எடுத்துக்கொள்வோம். விளக்கு எரியும்போது கேமரா சாகிறது. இதற்குக் கம்பெனி வக்கீல் சொல்லப்போகும் காரணங்களை நானே இப்போது சொல்லிவிடுவேன்: நியூட்ரல் ஒயர் இணைப்பு லூஸ், தூரத்திலிருந்து மெல்லிய ஒயரில் இழுத்ததால் லோடு ஏறியதும் வோல்டேஜ் இறங்குகிறது, ரௌட்டர் உள்ளறையில் இருக்கிறது, யாரோ சுவர் ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள். இதில் ஒன்றிரண்டு உண்மையாகவும் இருக்கலாம். ஆய்வகத்து மேஜையில் சுத்தமான 230 வோல்ட் சப்ளையில் அதே கேமரா சமர்த்தாக வேலை செய்யும். உங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் வருகிற குறையை ரிப்போர்ட்டில் எழுத மாட்டார்கள். அப்படியே ஏதாவது கண்டுபிடித்தாலும், உள்ளே கை வைத்தது எலெக்ட்ரீஷியன் என்று முடித்துவிடுவார்கள். ரீசெட் வேறு செய்திருக்கிறீர்கள், உள்ளே ஏதாவது பதிவு இருந்திருந்தால் அதுவும் போயிருக்கலாம்.

என்னிடம் வருகிறவர்கள் பலர் இன்னொரு இடத்திலும் விழுகிறார்கள். சர்வீஸ் சென்டரில் பொருளைக் கொடுக்கும்போது ஒரு ஜாப் ஷீட்டில் கையெழுத்து வாங்குவார்கள் இல்லையா, அதில் 'வாட்டர் இன்கிரஸ்' (தண்ணீர் புகுந்தது), 'பிசிகல் டேமேஜ்' (அடிபட்டது), 'டேம்பர்ட்' (வெளியாள் கைவைத்தது) என்று சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். கவுண்டரில் இருக்கிற பையன் பேசிக்கொண்டே ஒன்றில் டிக் போட்டுவிடுவான், நீங்களும் பேசிக்கொண்டே கீழே கையெழுத்துப் போடுவீர்கள். ஒரு வருடம் கழித்து சாந்திநகர் நுகர்வோர் ஆணையத்தில் விசாரணையின்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் தாள் அதுதான். அதனால் கேமரா எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். இனி யாரும் கழற்ற வேண்டாம், எங்கேயும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். எலெக்ட்ரீஷியன் தொடுவதற்கு முன்னால், விளக்கு எரிந்ததும் ஆப்பில் ஆஃப்லைன் காட்டியதை வீடியோ எடுத்திருந்தால், அதுதான் உங்களிடம் உள்ள ஒரே உருப்படியான சாட்சி. எடுத்த போனிலேயே வைத்திருங்கள், ஃபார்வர்ட் செய்த காப்பியை நம்பி போனை மாற்றிவிடாதீர்கள்.

சரி, குறையை நிரூபித்தே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஸ்கூட்டர் பணம் வராது. கேமரா ஓடியிருந்தால் திருடன் வராமல் போயிருப்பானா? முகம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஒப்பந்தச் சட்டம் 73வது பிரிவு தூரத்து நஷ்டத்துக்கு, அதாவது மறைமுகமாக வந்த நஷ்டத்துக்கு, இழப்பீடு இல்லை என்கிறது. குறையுள்ள பொருளால் வந்த சேதத்துக்குக் கம்பெனியைப் பொறுப்பாக்கும் நுகர்வோர் சட்ட அத்தியாயத்துக்குள் போனால் இன்னும் மோசம், வாரன்ட்டி மீறலால் வந்த சொத்துச் சேதமும் பொருளாதார நஷ்டமும் அங்கே கணக்கில் வராது. மன உளைச்சலுக்கு 3 லட்சம் என்று மனுவில் எழுதலாம், எழுதுவதற்குக் காசா பணமா. இந்த மாதிரி வழக்கில் வந்தாலும் சில ஆயிரங்கள்தான் வரும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம், இதை யாரும் யோசிப்பதில்லை. ஒன்றரை மாதம் மெயில் போட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கேமரா கம்பெனிக்கு எதிராக அது நல்ல ஆதாரம் என்று நினைக்கிறீர்கள். கேமரா வேலை செய்யவில்லை என்று ஒன்றரை மாதமாகத் தெரிந்தும் வண்டியை அதே இடத்தில் நிறுத்தினேன் என்பதற்கு நீங்களே கொடுக்கும் வாக்குமூலமும் அதுதான். உங்கள் வண்டி இன்ஷூரன்ஸ் பாலிசியின் நிபந்தனைகளைப் படியுங்கள், வண்டியைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்கவேண்டும் என்று ஒன்று இருக்கும். ஆத்திரத்தில் நோட்டீஸ் அனுப்பி, அது கிளெய்மைச் சோதிக்கும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், 'நான்-ஸ்டாண்டர்ட்' (நிபந்தனை மீறிய கிளெய்ம்) என்று சொல்லி ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள், அல்லது கிளெய்மையே தள்ளப் பார்ப்பார்கள். பிறகு அதற்கு எதிராக ஒரு வழக்கு நடத்த வேண்டும். வராத பணத்துக்கு ஆசைப்பட்டு வரவேண்டிய பணத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஷூரன்ஸைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வண்டிக்கு 5 வருடத் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான) இன்ஷூரன்ஸ் கட்டாயம். பெரும்பாலும் கூடவே வரும் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிக்கான பாதுகாப்பு) ஒரு வருடத்துக்குத்தான், அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு 5 வருட பாலிசி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். திருட்டு ஓன் டேமேஜில்தான் வரும். இன்றைக்கே பாருங்கள். அந்த ஓன் டேமேஜ் காலாவதி ஆகாமல் இருந்தால், எஃப்ஐஆர் நகல், இரண்டு சாவி, அப்புறம் போலீஸ் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போடும் சி ரிப்போர்ட், இதன் பின்னால் ஓடுங்கள். எஃப்ஐஆரே போடவில்லை என்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் ஸ்டேஷனுக்குக் கிளம்புங்கள்.

எதிர்வீட்டுப் பையன் கிளிப்பை குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டியைச் சுற்றி வருவது குற்றம் இல்லை. திருடன் என்று நாலு பேர் படிக்கும்படி சொல்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356வது பிரிவில் அவதூறாக வரும். சந்தேகம் இருந்தால் கிளிப்பை விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள்.

கேமரா விலையை வாங்கிக்கொண்டு ஒதுங்குங்கள். மெயிலில் ஒரே வரி போதும்: விலையைத் திருப்பித் தருவதை ஏற்கிறேன், பணம் கணக்கில் வந்த பிறகு பொருளைத் தருகிறேன். திருட்டைப் பற்றியோ ஸ்கூட்டரைப் பற்றியோ அதில் எழுத வேண்டாம். அவர்கள் ஒரு செட்டில்மென்ட் கடிதம் அனுப்புவார்கள். மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டேன் என்ற வரி இருந்தால் பரவாயில்லை, கையெழுத்துப் போடுங்கள். வாடிக்கையாளர் தவறாகப் பொருத்தியதால் பழுது என்று ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள். அடிக்க மறுத்தால், அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.