வாசிக்கப் பஞ்சிப்படும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

மகன் தரம் 3. நல்லூர்த் திருவிழா நேரம் வாங்கிக் கொடுத்த மூன்று கதைப் புத்தகமும் அலுமாரியில் அப்படியே கிடக்கின்றன. பஞ்சிதானே காரணம்?
- ஒரு தாய், கோண்டாவில்

பஞ்சி என்று முடிவெடுக்க முதல் புத்தகத்தை ஒருக்கால் சோதியுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அவரைச் சத்தமாக வாசிக்க விடுங்கள். தடக்குப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிய முதலே ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மூன்று என்றால் அளவு சரி. ஒன்றுமே மடங்காவிட்டால் 'இது சின்னப் பிள்ளைகளின் புத்தகம்' என்று பறிக்காதீர்கள். வாசிப்பில் விருப்பமில்லாதவருக்கு முதல் பத்துப் புத்தகமும் லேசாகத்தான் இருக்கவேண்டும். பக்கத்துக்கு இருபது சொல் மட்டுமே உள்ள படக்கதைக்கு இந்த விரல் கணக்குப் பொருந்தாது. அங்கே நூறு சொல்லுக்கு ஐந்து என்று எண்ணுங்கள்.

அடுத்து அச்சைப் பாருங்கள். கடையில் அட்டைப் படத்தைப் பார்க்கிறோமே தவிர இதைப் பார்ப்பதில்லை. எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளையையும் தமிழில் மறிப்பது சொல்லின் நீளம். 'போகவேண்டியிருந்ததென்று' என ஒட்டி அச்சிட்டிருந்தால் பாதியில் மூச்சு வாங்கும். 'போக வேண்டி இருந்தது என்று' எனப் பிரித்திருந்தால் அதே பிள்ளை ஓடிவிடும். வரி முடிவில் இடம் போதாமல் சொல்லை அடையாளமே இல்லாமல் உடைத்து, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கும் புத்தகங்களும் உண்டு. அவற்றை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். பெரிய எழுத்து, வரிகளுக்கிடையே தாராளமான வெளி, ஒவ்வொரு விரிப்பிலும் படம்: இவை மூன்றும் இருந்தால் வாங்கலாம்.

வாங்குவதை விட இரவல் எடுப்பது நல்லது. யாழ். பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கோ ஊர் வாசிகசாலைக்கோ கூட்டிக்கொண்டுபோய், தெரிவை அவரிடமே விடுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் அந்த உரிமையைக் கொடுக்க எங்களுக்கு மனம் வராது.

இந்தியாவில் அச்சான புத்தகங்கள் வடிவாக இருக்கின்றன. ஆனால் பிள்ளைக்குச் சொற்கள் விளங்குவதில்லை.
- ஒரு தகப்பன், சாவகச்சேரி

நாற்காலி, சாவி, பீரோ என்று வரும் இடத்தில் பிள்ளை நிற்கும். அதற்குத் தெரிந்தவை கதிரை, திறப்பு, அலுமாரி. பக்கத்துக்கு ஒன்றிரண்டு என்றால் படமே விளக்கிவிடும். சொந்தப் புத்தகமானால் சொல்லுக்கு மேலே பென்சிலால் எங்கள் சொல்லை எழுதலாம். 'வந்துட்டான்', 'பண்றேன்' என்று பேச்சுத் தமிழில் எழுதிய உரையாடல் வேறு வகைச் சிக்கல். காது சினிமாவில் கேட்டுப் பழகியிருக்கும், கண்ணுக்குத்தான் புதிது. அந்தப் பக்கங்களை முதலில் நீங்கள் நடித்து வாசியுங்கள். பிறகு தானாக வரும்.

மகள் தரம் 2. 'கொக்கு' என்பதை 'கெக்கு' என்கிறாள். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறாள்.
- ஒரு தாய், மானிப்பாய்

கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். அவசரப்படும் கண் காலை விட்டுவிடுகிறது. க, கெ, கே, கொ, கோ என்று ஐந்து அட்டை செய்து நாளுக்கு ஐந்து நிமிடம் கலைத்து விளையாடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஊகிக்கிற பழக்கத்துக்கு, பாடமாகத் தெரிந்த பாட்டை அச்சில் கொடுங்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு எங்கள் பிள்ளைகளுக்குக் காதால் தெரிந்தது. பாடிக்கொண்டே சொல் சொல்லாக விரல் வைக்கட்டும். விரலும் வாயும் பிசகும் இடத்தில் அவளே நின்று பார்ப்பாள். மற்ற வாசிப்பில் தடக்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். எழுத்துக்கூட்ட வைத்தால் கதை அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

புத்தகத்தை முகத்தோடு வைத்துப் பார்த்தால், வரி தாண்டினால், தலையிடி என்றால் முதலில் கண்ணைக் காட்டுங்கள். கண்ணில் குறையில்லை, வருட முடிவிலும் எழுத்து மாறுகிறது என்றால் வகுப்பாசிரியரோடும் பிள்ளை வைத்தியரோடும் கதையுங்கள்.

பேப்பரில் கிரிக்கெட் பக்கம் மட்டும்தான் வாசிப்பான். இதையும் வாசிப்பு என்று எடுக்கலாமா?
- ஒரு தாத்தா, வல்வெட்டித்துறை (பேரப்பிள்ளைக்காகக் கேட்கிறார்)

தாராளமாக. முடிவு ரீவியில் பார்த்தது, பெயர்கள் தெரிந்தவை. ஆகவே கடினமான சொல்லையும் இடம் பார்த்துப் பிடிக்கிறார். சித்திரக்கதையும் அப்படித்தான், பொருளில் பாதியைப் படம் சுமக்கிறது. அங்கிருந்து விளையாட்டு வீரரின் வாழ்க்கைக் கதைக்கு ஒரு எட்டுத்தான். ஒழுக்கக் கதைக்கு இப்போது தள்ளாதீர்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருடம். ரியூசன் முடிய எட்டு மணி. கதைப் புத்தகத்துக்கு நேரம் எங்கே?
- ஒரு தாய், சுன்னாகம்

படுக்கையில் பத்து நிமிடம். வினாத்தாளின் பந்தி வாசிப்பு இந்தக் கணக்கில் சேராது. வாசித்த பிறகு கேள்வியும் கேட்காதீர்கள். அந்தப் பத்து நிமிடமும் பரீட்சையாகிவிடும்.

போனில் இலவசமாக என்ன கிடைக்கும்?
- ஒரு தகப்பன், பருத்தித்துறை

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலை 1 முதல் 4 வரை தரம் பிரித்துக் கிடக்கின்றன. நிலை 1 இல் தொடங்கி, பிடித்ததை இறக்கி அச்சடித்துக் கையில் கொடுங்கள். 'நூலகம்' (noolaham.org) என்ற இணைய நூலகத்தில் ஈழத்துப் பழைய சிறுவர் நூல்களும் உண்டு. ஆனால் பழைய அச்சின் படப்பிரதி சின்னத் திரையில் பிள்ளையின் கண்ணுக்குச் சரிவராது. அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.