பழைய பாகம் ஆடாமல் ரக்னராக் வாங்கலாமா?

தம்பி, பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின்) வாங்கிவிட்டு, ஒரே ஒரு டிஸ்க்குக்குத்தான் காசு, நேராக காட் ஆஃப் வார் ரக்னராக் கேமை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2018இல் வந்த காட் ஆஃப் வாரை முதலில் எடுங்கள்.

அதற்கு முன் வந்த கிரேக்கக் கதைப் பாகங்களைத் தாராளமாக விட்டுவிடலாம். 2018 ஆட்டம் நார்ஸ் (வட ஐரோப்பிய) புராணத்துக்கு இடம் மாறி, நாயகன் க்ராடோஸை ஒரு பையனுக்கு அப்பாவாக்கிப் புதிதாகவே தொடங்குகிறது. ஆனால் 2022இல் வந்த ரக்னராக் அதன் நேர் தொடர்ச்சி. அப்பனும் மகனும் ஏன் முறைத்துக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் ஆடினால் பாதிச் சுவை போச்சு. சண்டை முறையும் கிட்டத்தட்ட அதேதான், அதனால் கதைதான் அதன் பலம்.

எல்லாத் தொடருக்கும் இது பொருந்தாது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் என்ற இன்னொரு தொடரில், இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு முந்தைய கதை; தயங்காமல் அதிலேயே தொடங்கலாம்.

தண்டையார்பேட்டை என்கிறீர்கள், பர்மா பஜார் பக்கம்தானே? டிஸ்க்கில் கீறல் இருக்கிறதா பாருங்கள், முடிந்தால் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆடி முடித்ததும் விற்று, மேலே கொஞ்சம் போட்டு ரக்னராக் எடுங்கள். பிஎஸ்4க்கு அது இரண்டு டிஸ்க். இரண்டும் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.