ஒரே அளவு மூலதனம் கிடைத்தும் பெண்களின் தொழில் ஏன் வளர்வதில்லை?

வளரும் நாடுகளில் கடனோ உதவித்தொகையோ சமமாகக் கிடைத்தாலும், பெண்களின் தொழில் ஆண்களுடையதைப் போலப் பெருகாததற்குக் குடும்பம் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவுக்கு ஆம். இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் 2005இல் தொடங்கிய ஆய்வொன்றில் சிறுதொழில் செய்வோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் இலவசமாக வழங்கப்பட்டபோது, ஆண்களின் இலாபம் உயர்ந்தது. பெண்களின் இலாபம் சராசரியில் அசையவில்லை. திறமைக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே தரவுகளைக் குடும்ப அளவில் நோக்கி 2019இல் வெளியான மறு ஆய்வில், பெண்ணுக்கு வந்த பணம் பெரும்பாலும் கணவரின் தொழிலுக்குச் சென்றதும், வீட்டில் தான் மட்டுமே தொழில் நடத்தும் பெண்ணின் இலாபம் ஆணுடையதற்கு நிகராக உயர்ந்ததும் புலப்பட்டன.

கிழக்கிலங்கையின் திருகோணமலையில் இது விளங்குவது கடினமல்ல: மூதூரிலோ குச்சவெளியிலோ கருவாடு போடும் பெண் எடுத்த கடன் கணவரின் வலைக்கும் வள்ள இயந்திரத்துக்கும் போய்விட்டால் (குடும்பக் கணக்கில் அது பிழையான முடிவென்றும் சொல்ல முடியாது), தவணை மட்டும் அவள் பெயரிலேயே நிற்கும். கிழக்கில் வீடு சீதனமாக மகளுக்கே எழுதப்படுவது வழக்கம் என்றாலும், அந்த வீட்டின் உறுதிப்பத்திரத்தை ஈடுவைப்பதா என்பதை யார் தீர்மானிக்கிறார் என்பதே, என் பார்வையில், உடைமையைவிடப் பெரிய கேள்வி.