வாகரைக்குப் போக முதல்

அன்புள்ள அக்காவுக்கு,
யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கம், இலங்கையின் பூர்வகுடிகளான வேடர்களில் கரையோரத்தில் இருப்பவர்களின் ஊர்களுக்குப் போகிறோம். அதற்காக இரண்டு நாள் பண்பாட்டுப் பயிற்சி வைத்து, சான்றிதழும் தந்தார்கள். "அவையளும் தமிழ்தானே, எங்களுக்கு எதுக்குப் பயிற்சி?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
- ஒரு வாசகர், கோப்பாய்

அன்புள்ள தம்பி,

தமிழ் கதைக்கிறார்கள் என்பதால்தான் எங்களுக்கு அது கூடுதலாகத் தேவை. தமிழ் கதைக்காத வேடர்கள் இருக்கிற தம்பானைக்குப் போனால் மொழி தெரியாத கூச்சத்தில் கொஞ்சம் அடங்கி நிற்போம், வாகரையில் அந்தக் கூச்சம் வராது, இறங்கின உடனேயே எல்லாம் தெரிந்தமாதிரிக் கேட்கத் தொடங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் போனேன். முற்றத்தில் ஒரு ஆச்சி நண்டு துப்புரவாக்கிக்கொண்டிருந்தா. "நீங்கள் வேடர்தானே?" என்று கேட்டேன். நிமிரவில்லை. ஒரு காலை முறித்துச் சட்டியில் போட்டுவிட்டு, "இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்த நீங்க?" என்றா. தலை இழுக்காத பிள்ளையை "வேடன் மாதிரி" என்று ஏசுகிற வீட்டிலிருந்துதான் நான் போயிருந்தேன். அந்தச் சொல் என் வாயில் எப்படி ஒலித்திருக்கும் என்று அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை.

சரி, பயிற்சியில் வரலாறு சொன்னார்களா? கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் 57ஆவது, அரச ஊழியர்களுக்குப் பூர்வகுடிகளின் வரலாறு படிப்பிக்க வேண்டும் என்பது, பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோன விடுதிப் பள்ளிகளின் கதையும் சேர்த்து. எங்கள் நாட்டில் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா ஆனபோது வேடர்கள் தங்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வாகரை மக்கள் 2004இல் சுனாமியையும், இரண்டு வருடத்தில் யுத்த இடப்பெயர்வையும் கண்டவர்கள். அதற்குப் பிறகு படிவத்தோடு வந்து போனவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

2007இல் ஐ.நா.வின் பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது. விஷயத்தை முழுக்கச் சொல்லி, வற்புறுத்தாமல், தொடங்க முதலே சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது அது. அப்படிக் கேட்டால் "வேண்டாம்" என்றும் பதில் வரலாம், அதற்கு உங்கள் திட்டத்தில் இடம் இருக்கிறதா? இதை மேலதிகாரியிடம் கட்டாயம் கேளுங்கள். சும்மா போய் இருந்து கதைத்துவிட்டு வர ஒரு நாளையும் செலவுக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்த நாளில் படிவமும் கமராவும் கொண்டுபோகாதீர்கள்.

அன்புடன்,
அக்கா