முதல் தடவை கடல் தூண்டிலா? போட் வேணாம், முகத்துவாரத்துல நில்லுங்க

கேள்வி: நாங்க திருச்சி, காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர். முக்கொம்பு, கல்லணை பக்கம் கெண்டை, ஜிலேபி புடிச்சு பழக்கம், கடல்ல தூண்டில் போட்டதே இல்ல. பிப்ரவரில ரெண்டு நாள் பரங்கிப்பேட்டை போலாம்னு பிளான். ஒருத்தன் ஃபைபர் போட் பேசி கடலுக்குள்ள போயிடலாம்ங்கிறான், இன்னொருத்தன் கரையே போதும்ங்கிறான். எங்ககிட்ட இருக்குற ஆத்து ராடு ஆவுமா, எந்த நேரத்துல மீன் கடிக்கும், என்னென்ன எடுத்துட்டு போகணும்? எங்கள்ல ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது.

பதில்: தம்பி, நீச்சல் தெரியாதுங்கிறத கடைசில சேர்த்து எழுதியிருக்கீங்க, நான் அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். முதல் ட்ரிப்புக்கு போட் வேண்டாம். பயமுறுத்த சொல்லல, 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு பழவேற்காட்டுல சுற்றுலா வந்தவங்க ஏறுன படகு கவுந்து 22 பேர் இறந்தாங்க, ஏரின்னு நம்பி ஏறுன தண்ணி அது. மீன்பிடி படகுக்கு குடுக்குற பதிவும் லைசன்ஸும் மீன் புடிக்கத்தான், ஆள் ஏத்திட்டு சுத்தி காட்ட இல்ல, அதனால கரையில நின்னு காசு பேசி ஏறுற போட்ல உங்க அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது. அது போக கடல் ஆட்டம் பழகாத ஆளுக்கு கரை தாண்டுன கொஞ்ச நேரத்துலயே தலை சுத்தி வாந்தி வந்துடும், அஞ்சு பேர்ல ரெண்டு பேர் படுத்துட்டா அப்புறம் ட்ரிப் எங்க இருக்கு, திரும்பி வர்றதுதான்.

அதுக்கும் மேல, மீன் கணக்கு பார்த்தாலும் உங்களுக்கு கரைதான் லாபம், அதுவும் வெறும் பீச் இல்ல, முகத்துவாரம். வெள்ளாறு கடல்ல சேர்றது பரங்கிப்பேட்டையிலதான், தெக்கால பிச்சாவரம் சுரபுன்னைக் காடு, அதோட வாய்க்கால்கள் வடக்க வெள்ளாத்தையும் தெக்க கொள்ளிடத்தையும் கோர்த்து வச்சிருக்கு. அந்த காட்டு வேருக்குள்ளதான் இறால் குஞ்சு, மடவை குஞ்சு எல்லாம் வளருது. தண்ணி வத்தும்போது அந்த பொடி எல்லாம் வாய்க்கால்ல இருந்து வெளிய அடிச்சுட்டு வரும், கொடுவா, செப்பிலி, பாறை மாதிரி வேட்டை மீனுங்க அத எதிர்பார்த்து ஓரத்துல, பள்ளத்துல, கல்லு மறைவுல காத்திருக்கும். இத புரிஞ்சுக்கிட்டா எங்க போடணும், எப்ப போடணும்னு ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில் கிடைச்சுடும்: தண்ணி எங்க ஓடுதோ அங்க, எப்ப ஓடுதோ அப்ப. ஆத்துல தண்ணி எப்பவும் ஒரே பக்கம் ஓடுறத பார்த்து பழகுனவங்க நீங்க, இங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் தண்ணி உள்ள ஏறும், அது ஏத்தம், ரெண்டு தடவை வெளிய இறங்கும், அது வத்தம், திசையே மாறும், நடுவுல கொஞ்ச நேரம் தண்ணி அசையாம நிக்கும். அப்படி நிக்குற நேரத்துல தூண்டில் போட்டுட்டு மீனே இல்லைன்னு கெளம்பிடுறவங்கதான் அதிகம். அப்ப டீ குடிங்க, தூண்டில் முள்ள மாத்துங்க, தண்ணி நகர ஆரம்பிச்சதும் போடுங்க.

ஏத்த வத்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளி போகும், அதனால போன வாரம் போனவன் சொன்ன மணி உங்களுக்கு ஆகாது. போன்ல டைட் ஆப் எதுலயாவது கடலூர் இல்ல நாகப்பட்டினம்னு போட்டு பாருங்க, பரங்கிப்பேட்டைக்கு அது போதும். அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி வர்ற ரெண்டு மூணு நாள் ஓட்டம் பலமா இருக்கும், அஷ்டமி பக்கம் மந்தமா இருக்கும். நம்ம சோழமண்டல கரையில ஏத்த இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வரும், அதனால ஓட்டம் உள்ள நாளா பார்த்து போறது இங்க ரொம்ப முக்கியம். விடியக்காலையோ சாயந்திரமோ வத்தம் ஓடுற மாதிரி தேதி அமைஞ்சா அந்த தேதிக்கு லீவு போடுங்க, சனி ஞாயிறுன்னு புடிவாதம் வேணாம்.

பிப்ரவரி நல்ல மாசம். ஐப்பசி கார்த்திகை மழையில ஆத்துத் தண்ணி கலங்கலா இறங்கி முகத்துவாரமே நல்ல தண்ணியா கெடக்கும், தை பொறந்து கொஞ்சம் கொஞ்சமா உப்பு ஏறி தண்ணி தெளிய ஆரம்பிக்கும். வாடைக் காத்து அப்பவும் கொஞ்சம் அடிக்கும், ஆனா காலையில கரைக்காத்து இருக்குற வரைக்கும் தண்ணி அமைதியா இருக்கும். ஏதோ காரணத்துல தள்ளிப் போனா ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்கு தடைக்காலம். தூண்டிலுக்கு அது பொருந்தாது, ஆனா வெயிலும் கடலும் வேற மாதிரி ஆயிடும், அத கீழ சொல்றேன்.

ராடு விஷயம். உங்க ஆத்து ராடு முகத்துவாரத்துக்கு தாராளமா ஆவும், புதுசா அஞ்சு செட் வாங்கி காச கரைக்காதீங்க. ஏழு அடி ராடு, 3000 சைஸ் ரீல் இருந்தா நல்லா இருக்கு. அஞ்சு பேருக்கும் பொதுவா ஒரே ஒரு ஒன்பது பத்து அடி ராடு வாங்கிக்கலாம், கொஞ்சம் தூரம் எறிய. மாத்த வேண்டியது நரம்பும் முள்ளும்தான். பொடி மீனுக்கு கட்டுற மெல்லிசு முள்ள கொடுவா ஒரே இழுப்புல நிமித்திடும், உப்புத்தண்ணில ஒரே நாள்ல துருவும் ஏறிடும். கொடுவாக்கு 1/0-ல இருந்து 3/0 வரைக்கும் கெட்டி முள், கிழங்கான் மீனுக்கு தனியா சின்ன முள் கொஞ்சம். நரம்பு 0.40 மில்லிமீட்டர் தங்கூஸ், இல்ல 20 இல்ல 30 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு. பிரெய்டு போட்டா முன்னாடி ரெண்டு அடிக்கு 40 பவுண்டு லீடர், அதாவது முள்ளுக்கு முன்னாடி கட்டுற கெட்டி நரம்பு, கட்டாயம், ஏன்னா கொடுவாவோட செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, நரம்பு அதுல உரசுனா போச்சு. உங்க கையும்தான், செவுளுக்குள்ள விரல விட்டு தூக்காதீங்க. ஈயம் 30-ல இருந்து 60 கிராம் வரைக்கும், நரம்புல தாராளமா ஓடுற மாதிரி கோர்த்து, கீழ ஒரு ஸ்விவல், அந்த சுழலுற வளையம், வச்சு நிறுத்துங்க, அப்பதான் மீன் இரைய எடுத்துட்டு நகரும்போது ஈயத்தோட கனம் தெரியாது. ட்ராக்க, அதான் மீன் இழுத்தா நரம்ப விட்டுக் குடுக்குற ரீல் பிரேக்க, நரம்போட பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல இறுக்க வேணாம்.

இரைக்கு காலையில அன்னங்கோயில் மீன் இறங்குதளத்துக்கு போங்க, இறால், சின்ன மடவை, கணவாய் எது வந்திருக்கோ அத ஃப்ரெஷ்ஷா வாங்குங்க. உயிர் இறால் கிடைச்சா அதுக்கு மேல ஒன்னும் இல்ல, கொம்புக்கு அடியில முள்ள ஏத்துங்க, உள்ள கறுப்பா ஒரு புள்ளி தெரியும், அது மேல பட்டா இறால் உடனே செத்துடும், தள்ளி ஏத்துங்க. அங்க இருக்குற அண்ணன்மாருங்ககிட்ட ரெண்டு நிமிஷம் நின்னு பேசுங்க, "அண்ணே, இந்த ஓரத்துல போட்டா உங்க வலைக்கு இடைஞ்சல் இருக்குமா?"ன்னு கேட்டாலே போதும், எங்க பள்ளம் இருக்கு, எங்க கல்லு இருக்குன்னு அவங்களே சொல்லிடுவாங்க. வலை கெடக்குற பக்கம் தூண்டில் போடவே கூடாது, ஒரு முள் மாட்டி வலை கிழிஞ்சா அவங்க ஒரு நாள் பொழப்பு போச்சு. சரக்கு பாட்டிலோட அவங்க ஊர் கரைக்கு போய் உக்கார்றதும் எனக்கு புடிக்காத விஷயம், ட்ரிப்ல அது வேணவே வேணாம். பிச்சாவரம் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம தூண்டிலோட நுழையாதீங்க, அது வனத்துறை இடம், வெளிய முகத்துவார ஓரமே உங்களுக்கு தாராளம்.

எங்க நிக்குறதுன்னு இப்ப. மணல் திட்டோட நுனில போய் நிக்காதீங்க, மீன் அங்க நல்லா கடிக்கும்தான், ஆனா அடியில தண்ணி மணல அரிச்சுட்டே இருக்கும், நிக்குற இடம் அப்படியே சரியும், வத்தம் ஓடும்போது சரிஞ்சா நேரா கடலுக்குத்தான் இழுக்கும். தூண்டில் வளைவு, அதான் அலைய தடுக்க கடலுக்குள்ள நீட்டி போட்ட கல்லு வரிசை, அது மேல ஏறுறதும் வேணாம், ஈரப் பாசி செருப்ப நிக்க விடாது. நீச்சல் தெரியாத ரெண்டு பேரும் உள்பக்க கரையில, தண்ணில கால் வைக்காம, லைஃப் ஜாக்கெட் மாட்டிட்டு நிக்கட்டும், கரையில எதுக்கு ஜாக்கெட்டுன்னு கேலி பண்ற ஃப்ரெண்ட் இருந்தா அவனுக்கும் ஒன்னு மாட்டி விடுங்க. ஒரு காலி 20 லிட்டர் கேன், மூடிய இறுக்கி, கைப்பிடில முப்பது அடி கயிறு கட்டி பக்கத்துலயே வச்சுக்கோங்க. யாராவது விழுந்துட்டா பின்னாடியே குதிக்காம அத எறியணும், காப்பாத்த குதிச்சவனும் சேர்ந்து போற கதை நம்ம ஊர் கடற்கரையில உண்டு. தண்ணி இழுத்துட்டு போற ஆளு கரைய நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, மிதந்துக்கிட்டே கரைக்கு இணையா பக்கவாட்டுல ஒதுங்கி இழுப்ப விட்டு வெளிய வந்து அப்புறம்தான் கரைக்கு திரும்பணும்.

வானம் நீலமா இருக்கு, காத்து இல்ல, அதனால கடல் நல்லா இருக்குன்னு நம்பாதீங்க. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலை இழுத்து இறந்தாங்களே, அது கள்ளக்கடல். எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சத்தமில்லாம வந்து இங்க கரையில எழும்பும், உள்ளூர் வானிலைய பார்த்தா தெரியவே தெரியாது, கோடை மாசங்கள்லதான் அதிகம் வரும். ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் இதுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை குடுக்குது, அன்னைக்கும் எச்சரிக்கை இருந்துச்சு. கெளம்புறதுக்கு முதல் நாள் ராத்திரியும், தூண்டில் போடப் போற அன்னைக்கு காலையிலயும் அத பாருங்க, சிவப்போ ஆரஞ்சோ இருந்தா ரூம் அட்வான்ஸ் போனா போகட்டும். இடி சத்தம் கேட்டா ராட கீழ போட்டுட்டு ஒதுங்குங்க, கார்பன் ராடு மின்சாரத்த கடத்தும்.

அடுத்தது மீனோட முள்ளு. ஆத்துக் கெளுத்திய கையால புடிச்சு பழகியிருப்பீங்க, கடல் கெளுத்தி வேற ரகம், முதுகுல ஒன்னு, ரெண்டு பக்கமும் ஒவ்வொன்னு, மூணு முள்ளும் ரம்பம் மாதிரி, விஷமும் உண்டு. முகத்துவாரத்துல உங்களுக்கு முதல்ல மாட்டப் போறதே அனேகமா அதுதான். காலால மிதிச்சு கழட்டுற வேலையே கூடாது, நீட்டு மூக்கு பிளையர்ல தூண்டில் முள்ள கழட்டுங்க, வரலைன்னா நரம்ப வெட்டி விட்டுடுங்க, ஒரு தூண்டில் முள்ளோட விலை என்ன பெருசா. ஓரா மீனோட முள்ளும் அப்படித்தான் விஷம், பார்க்க சாதுவா இருக்கும். தண்ணில இறங்கியே ஆகணும்னா கால தூக்கி வைக்காம தரையோட தேய்ச்சு தேய்ச்சு நடங்க, மணலுக்குள்ள படுத்திருக்குற திருக்கை அதிர்வு தெரிஞ்சு விலகிடும், மிதிச்சாத்தான் வால வீசும்.

குத்திடுச்சுன்னா மஞ்சள், சுண்ணாம்புன்னு தேடாதீங்க, சுடுதண்ணி. இந்த மீன் விஷமெல்லாம் சூட்டுல சிதையுற புரதம், அதனால 45 டிகிரி வரைக்கும், தாங்கிக்குற சூட்டுல, அரை மணில இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் குத்துன இடத்த முக்கி வச்சா வலி நல்லா இறங்கும். வலியில மரத்த கைக்கு சூடு தெரியாது, அதனால இன்னொருத்தர் கைய விட்டு பார்த்த பிறகு முக்குங்க. இதுக்காகவே ஒரு பெரிய ஃப்ளாஸ்க் சுடுதண்ணியும் ஒரு வாளியும் வண்டில இருக்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரி போய் டிடி ஊசி போட்டுக்கணும், உள்ள முள் ஒடைஞ்சு நின்னிருந்தா சீழ் புடிக்கும். நெஞ்சுலயோ வயித்துலயோ திருக்கை முள் ஏறியிருந்தா உருவாம அப்படியே 108-க்கு போன். கடல் பாம்பு நரம்புல சுத்திட்டு வந்தா தொடாம வெட்டி விடுங்க, கடிச்சா வலியே பெருசா இருக்காது, அத நம்பி உக்காராம உடனே ஆஸ்பத்திரி. கடலோரக் காவல் 1093, கோஸ்ட் கார்டு 1554, ரெண்டையும் அஞ்சு பேர் போன்லயும் சேவ் பண்ணுங்க.

உப்பிக்கிட்டு வர்ற பேத்தை மாட்டுனா போட்டோ எடுத்துட்டு விட்டுடுங்க, சமைச்சாலும் அதோட விஷம் போகாது. பெரிய கொடுவா மாட்டுனாலும் விடச் சொல்வேன், இது என் ஆசை. கொடுவா முதல்ல ஆணா முதிர்ந்து, சில வருஷம் வளர்ந்த பிறகு பொண்ணா மாறுற மீன், அதனால அஞ்சாறு கிலோ மீன்னா அது அனேகமா முட்டை நிறைஞ்சு முகத்துவாரத்துக்கு இனப்பெருக்கத்துக்கு வர்ற தாய். ஒன்னு ரெண்டு கிலோ மீன் அஞ்சு பேருக்கு குழம்புக்கு போதுமே, ருசியும் அதுலதான். ராத்திரி பீச்சுல தூண்டில் போட்டா பெரிய லைட், கேம்ப்ஃபயர் வேணாம், பிப்ரவரி பங்குனி ஆமை முட்டையிட கரை ஏறுற காலம், வந்தா தள்ளி நின்னு லைட்ட அணைச்சிடுங்க. அறுந்த நரம்ப கரையில விடாதீங்க, பையில போட்டு கொண்டு வாங்க.

மீனுக்கு ஐஸ் எவ்வளவுன்னா மீன் எவ்வளவோ அவ்வளவு, கிலோவுக்கு கிலோ. புடிச்ச உடனே குடலெடுத்து ஐஸுக்குள்ள புதைங்க. முக்கியமா பாறை, சூரை வகை மீன வெயில்ல விட்டா உள்ள ஹிஸ்டமின் உருவாகும், சமைச்சாலும் போகாது, சாப்பிட்டவங்களுக்கு முகம் செவந்து தலைவலி, அரிப்புன்னு வரும்.

ராடு, ரீல திருச்சி வந்து கழுவிக்கலாம்னு டிக்கில போட்டுடாதீங்க, அதுக்குள்ள உப்பு வேலைய ஆரம்பிச்சுடும். லாட்ஜ் பாத்ரூம்லயே ட்ராக்க இறுக்கிட்டு, குழாய மெதுவா தொறந்து நல்ல தண்ணில கழுவுங்க, பீய்ச்சி அடிச்சா உப்பு உள்ள போயிடும், பக்கெட்ல முக்கவும் கூடாது. தொடைச்சு காய வச்சு ட்ராக்க தளத்தி விட்டுடுங்க. தேதி முடிவானதும் எழுதுங்க, அன்னைக்கு வத்தம் எத்தனை மணிக்குன்னு பார்த்து சொல்றேன்.