இரண்டு வயதாகியும் மகன் கதைக்கவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. இது ஓட்டிசமாக இருக்குமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு தாய். மகனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. நாலைந்து சொற்களுக்கு மேல் வரவில்லை. "ஆண் பிள்ளைகள் பிந்தித்தான் கதைப்பார்கள், மூன்று வயது வரை பார்" என்கிறார்களாம் வீட்டில். காத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

காத்திருக்க வேண்டாம், தங்கச்சி. ஓட்டிசமா இல்லையா என்பதை இங்கே எழுதுகிற யாராலும் சொல்ல முடியாது. நான் வைத்தியரும் இல்லை. ஆனால் நாங்கள் பதினொரு மாதம் காத்திருந்த குடும்பம். அந்தப் பதினொரு மாதத்தில் எங்கள் கண்முன்னே என்ன நடந்தது, எதையெல்லாம் பார்த்தும் விளங்காமல் இருந்தோம் என்பதை எழுதுகிறேன்.

கொக்குவிலில் எங்கள் வீட்டு முகப்பில் என் அப்பா சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். மகன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அங்கேதான் கிடப்பான். அப்பா ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியதும் ஓடிப்போய்ப் பின்சில்லைச் சுற்றிவிட்டு, தலையைச் சரித்து, சுழலும் கம்பிகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பான். சில்லு ஓய்ந்ததும் மறுபடி ஒரு தள்ளு. அரை மணி, முக்கால் மணி. ஒட்டுப் போட வந்தவர்கள் "ஐயா, பேரன் கடையைப் பாரமெடுத்துவிட்டான்" என்று பகிடி விடுவார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்காது. நானும் அதை வீடியோ எடுத்துக் கனடாவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன்.

நெடுநாளுக்குப் பிறகு அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் கண்டேன். நான்கு நிமிடத்தில் அவன் ஒரு தடவைகூட யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றைக் கண்டால் அதைப் பார்க்கும், உடனே அம்மாவைப் பார்க்கும், மறுபடி அதைப் பார்க்கும். 'நீயும் பார்த்தாயா?' என்று கேட்கிற பார்வை அது. எங்கள் பிள்ளையிடம் அது இல்லை. நாங்களோ அவன் வாயைப் பார்த்துச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆகவே உங்களிடம் நான் முதலில் கேட்பது, மகன் எத்தனை சொல் சொல்கிறான் என்பதை அன்று. அவன் சுட்டுவிரலை நீட்டுகிறானா? நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. 'அது எனக்கு வேண்டும்' என்று நீட்டுவது ஒன்று. ஒன்றேகால் வயதளவில் வந்துவிடும். 'அங்கே பார், காகம்' என்று, எதையும் கேட்காமல், காட்டுவதற்காகவே நீட்டுவது மற்றது. ஒன்றரை வயதளவில் வரும். இந்த இரண்டாவதுதான் முக்கியம். என் மகனிடம் இரண்டுமே இருக்கவில்லை. பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போய், என் கையைத் தூக்கி அலுமாரிக் கதவில் வைப்பான். என் முகத்தை அண்ணாந்து பார்க்க மாட்டான். 'என்ன கெட்டித்தனம்!' என்றுதான் நினைத்தேன். அலுமாரிக்கு ஒரு திறப்பு இருப்பதுபோல அவனுக்கு என் கை இருந்தது.

பெயருக்குத் திரும்பாததைப் பற்றி. பிள்ளைகள் ஒன்பதாம் மாதமளவிலேயே பெயர் கேட்டுத் திரும்பத் தொடங்குவார்கள். ஒரு வயது தாண்டியும் பெரும்பாலும் திரும்பவில்லை என்றால் காட்ட வேண்டும். எங்களவனை மாமி ஒருநாள் பின்னால் நின்று ஏழெட்டுத் தடவை கூப்பிட்டார், அசையவில்லை. ஆனால் ஐஸ்கிறீம் வானின் பாட்டு இரண்டு ஒழுங்கை தள்ளிக் கேட்டாலும் படலைக்கு ஓடுவான். 'காது நன்றாகத்தான் கேட்கிறது, குழப்படி' என்று முடிவு கட்டினோம். அப்படி முடிவு கட்டக் கூடாது. சில ஒலிகள் கேட்டு, கதைக்கும் குரலின் நுணுக்கமான ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். காதுக்குள் நீர் தேங்கியும் இருக்கலாம். அதனால்தான் வைத்தியர்கள் செவிப்புலன் பரிசோதனையை முதலில் செய்யச் சொல்வார்கள். அதைச் செய்யாமல் ஓட்டிசம் பற்றி யார் என்ன சொன்னாலும் அரைகுறைதான்.

இன்னொன்று: வந்த சொல் மறைந்துபோவது. பதினைந்தாம் மாதத்தில் அவன் 'அம்மா', 'பூ', 'காகா' என்று சொல்லிக்கொண்டிருந்தான். பத்தொன்பதாம் மாதத்தில் மூன்றும் இல்லை. எந்த நாளில் நின்றது என்று எனக்கு இன்றும் தெரியாது. எந்த வயதிலும், இருந்த சொல்லோ பழக்கமோ இல்லாமல் போனால் அந்தக் கிழமையே வைத்தியரிடம் போங்கள்.

மூன்று வயதுக்குப் பிறகு மெல்லக் கதைத்தான், ஆனால் வேறு மாதிரி. தாகம் எடுத்தால் என்னிடம் வந்து "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்பான். நான் அவனிடம் கேட்பதை அதே இழுப்போடு அப்படியே எடுத்து வைத்திருந்தான். தமிழில் நாம் 'உனக்கு', 'எனக்கு' என்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் கதைக்கிறோம் என்பதால் கேட்பவர்களுக்கு இது பிடிபடாது; ஏதோ மரியாதைப் பிள்ளை என்று நினைப்பார்கள். இந்த எதிரொலிப் பேச்சு வெறும் கிளிப்பேச்சு அன்று, அதற்குள் அவன் சொல்ல வருவது இருக்கிறது என்று பேச்சுச் சிகிச்சையாளர்தான் விளக்கினார். அதன் பிறகு நான் கேள்வியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, அவன் சொல்ல வேண்டிய விதத்திலேயே "தண்ணீர் வேண்டும்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

மற்ற அடையாளங்கள் ஊரறிந்தவை: பொருள்களை வரிசையாக அடுக்குவது, கையை உதறுவது, நுனிக்காலில் நடப்பது, சில ஒலிகளுக்குக் காதைப் பொத்துவது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் எங்களுக்கு ஒரு தவம். தவில் தொடங்கினால் என் சேலைக்குள் தலையைப் புதைத்துவிடுவான். இடியப்பத்தில் சொதி ஒரு துளி பட்டாலும் தட்டையே தள்ளிவிடுவான். ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். என் தம்பியின் மகள் நாலு வயது வரை நுனிக்காலில்தான் நடந்தாள். இப்போது அவள் வாயை மூட வைக்க ஆள் தேட வேண்டும். மற்றவர்களோடு கொடுத்து வாங்கும் தன்மை குறைவாக இருப்பதும், இப்படி ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதும் சேர்ந்து நிற்கும்போதுதான் ஓட்டிசம் என்று யோசிப்பார்கள். பெண் பிள்ளைகளில் இது இன்னும் எளிதாக மறைந்துபோகும், 'அமைதியான பிள்ளை' என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவோம்.

இது அபூர்வமானதும் அன்று. இலங்கையில் ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பார்த்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் நான்கு பேருக்கு ஓட்டிசம், அதாவது 93க்கு ஒருவர். சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் எத்தனை பிள்ளைகள் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

இனி, காரணம் சொல்ல வருகிறவர்கள். வருவார்கள். அம்மம்மா நாவூறு கழித்தார், நூல் கட்டினார். சாத்திரியார் சனி மாறினால் கதைப்பான் என்றார். நூலால் எங்களுக்கு ஒரு நட்டமும் வரவில்லை. சனி மாறும்வரை இருந்ததுதான் நட்டம். மாமி சொன்னது வேறு: "நீ வேலைக்குப் போனாய், பிள்ளை ஏங்கிவிட்டது." இதைக் கேட்டு நான் அழுத இரவுகள் உண்டு. பிறகு வாசித்தபோது தெரிந்தது, மாமி தனியாள் இல்லை. 1943இல் லியோ கானர் என்ற குழந்தை உளநல வைத்தியர் பதினொரு பிள்ளைகளை வைத்து ஓட்டிசத்தை விவரித்து எழுதினார். அதற்குப் பின்னான ஆண்டுகளில் படித்த வைத்தியர்களே, தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று நம்பினார்கள். 1964இல் பேர்னாட் றிம்லாண்ட் என்ற உளவியலாளர், தானே ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன், அது பிழை என்று ஒரு நூல் முழுக்க வாதாடினார். 1977இல் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தபோது பரம்பரைக் கூறு தெளிவாகத் தெரிந்தது. மாமிக்கு நான் இதையெல்லாம் விளக்கப் போகவில்லை. எனக்குத் தெரிந்தது போதும்.

கனடா அக்கா தடுப்பூசியைப் பிடித்துக்கொண்டார். மூன்று வயதில் போடும் எம்எம்ஆர் ஊசியை (சின்னமுத்து, கூகைக்கட்டு, றுபெல்லா மூன்றுக்கும் எதிரானது) போடாதே என்று ஒரே தொல்லை. அந்த ஊசியால் ஓட்டிசம் வரும் என்ற கதையின் மூலம் 1998இல் பிரிட்டனில் 12 பிள்ளைகளை வைத்து வந்த ஒரு கட்டுரை. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. எழுதிய வைத்தியரின் பெயரும் அதே ஆண்டில் மருத்துவப் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பார்த்தும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. நம் நாட்டில் அந்த ஊசி ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடப்படுகிறது. என் மகனின் சொற்கள் போனது இரண்டுக்கும் இடையில், ஊசி நினைவே இல்லாத காலத்தில். மூன்று வயது ஊசியையும் போட்டேன்.

கைப்பேசி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு மாதத்தை நாங்கள் இதிலும் இழந்தோம். 'போனை நிறுத்திப் பாருங்கள், சரியாகிவிடும்' என்றார்கள். நிறுத்தினோம், அதன் பலனைப் பார்க்கக் காத்திருந்தோம். இரண்டு வயதுக்கு முன் திரை தேவையில்லை, அதன் பின்னும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆகவே போனை நிறுத்துவது நல்லதுதான். ஆனால் நிறுத்திய அன்றே கிளினிக்குக்கும் போங்கள்.

எங்கே போவது? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்கலாம். பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து குழந்தை வைத்திய நிபுணர், செவிப்புலன் பரிசோதனை, உளநல வைத்தியர், பேச்சுச் சிகிச்சை என்று அனுப்புவார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் பெரும்பாலும் அலைய வேண்டிவரும். அரச வைத்தியசாலையில் காசு இல்லை, நேரம்தான் செலவு. ஓட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. பிள்ளையைப் பார்த்தும், உங்களிடம் கேட்டும்தான் முடிவு செய்வார்கள். அனுபவமுள்ளவர்களால் இரண்டு வயதிலேயே சொல்ல முடியும். நாங்கள் முதலில் காட்டிய தனியார் வைத்தியர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "மூன்று வயதில் கொண்டு வாருங்கள்" என்றார். யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் இன்னொருவரிடம் போங்கள்.

முடிவு வரும்வரை வீட்டில் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. தமிழில் பேச்சுச் சிகிச்சை செய்பவர்கள் குறைவு, தவணைக்கும் தவணைக்கும் இடையில் வாரங்கள் ஓடும். எங்கள் வீட்டில் முதல் சிகிச்சையைத் தொடங்கியவர் என் அப்பா, அது சிகிச்சை என்று தெரியாமலே. ஒருநாள் மகன் சில்லைச் சுற்றிக்கொண்டிருக்க, அப்பா எண்ணெய்க் கையை டயரில் வைத்து நிறுத்தினார். அவன் கையைத் தள்ளினான். அப்பா எடுக்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. கத்தினான், விட்டுவிட்டார். மறுநாளும் அதே விளையாட்டு. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மகன் அந்தக் கையைப் பார்த்தான். கை வழியே முழங்கை, தோள், பிறகு முகம். முகத்தைப் பார்த்த அந்த நொடியில் அப்பா "விடு!" என்று சொல்லிக் கையை எடுத்தார். சில்லு சுற்றியது. மகன் சிரித்தான், சில்லைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து. நான் வாசலில் அரிசிச் சுளகோடு நின்றிருந்தேன். பிறகு பேச்சுச் சிகிச்சையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனையை வைத்துவிட்டு, "இதைத்தான் செய்யச் சொல்லிச் சொல்ல இருந்தேன்" என்றார். அவனுக்குப் பிடித்ததை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள், இடையில் ஒரு கணம் நிறுத்துங்கள், உங்களைப் பார்க்கும்வரை பொறுங்கள். இரண்டரை வயதில் அவன் வேண்டுமென்றே சொன்ன முதல் சொல் 'விடு'.

எந்த மொழியில் கதைப்பது என்றும் குழம்ப வேண்டாம். கார்ட்டூன் பார்த்து ஆங்கில எழுத்துக்களை ஒப்புவிக்கிறான், அதனால் ஆங்கிலத்திலேயே கதையுங்கள் என்று எங்களுக்கும் யோசனை சொன்னார்கள். நீங்கள் சிரிக்கும், ஏசும், தாலாட்டும் மொழியிலேயே கதையுங்கள். முற்றாகக் குணப்படுத்துவோம் என்று காசு கேட்பவர்களிடம் மட்டும் போக வேண்டாம். ஓட்டிசம் மாற்றி எடுக்கிற நோயன்று, மூளை வளர்ந்த விதம். உடலில் இருந்து உலோகத்தை நீக்குகிறோம் என்று ஊசி ஏற்றி 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இறந்தே போனது. என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது; ஓட்டிசம் இருக்கிறது, கதைக்கிறான், சைக்கிளில் செயின் கழன்றால் என்னைவிட வேகமாக மாட்டுவான், தவில் இன்னும் ஆகாது.

இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். விறாந்தைச் சுவரில் பல்லி இருக்கும். மகன் பக்கத்தில் இருக்கும்போது விரலை நீட்டி "அங்கே பார், பல்லி!" என்று சொல்லுங்கள். பல்லியைப் பார்க்கிறானா, உங்கள் விரலைப் பார்க்கிறானா, ஒன்றையும் பார்க்கவில்லையா? 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு உலகெங்கும் கேட்கும் எம்-சாட் என்ற இருபது கேள்விப் பட்டியலின் முதல் கேள்வியே இதுதான். அந்தப் பட்டியல் ஓட்டிசம் என்று தீர்ப்புச் சொல்லாது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். வேறு வேறு நாட்களில் நாலைந்து தடவை செய்து, நடந்ததை எழுதி வையுங்கள். அவன் தனியே விளையாடும்போது இரண்டு மூன்று வீடியோவும் எடுங்கள். வைத்தியர் முன்னால் பிள்ளைகள் வீட்டில் செய்வதைச் செய்ய மாட்டார்கள்.

கிளினிக் வரிசை நீளம். தண்ணீர், அவன் சாப்பிடும் ஏதாவது, அவனுக்குப் பிடித்த ஒரு பொருள், மூன்றையும் கொண்டு போங்கள். நாங்கள் கடையிலிருந்து ஒரு பழைய பெடலைக் கொண்டு போனோம். வைத்தியர் என்னிடம் கேட்டுக்கொண்டே, அவருடைய மேசை விளிம்பில் அதைச் சுற்றிக்கொண்டிருந்த மகனைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.