லீஃப் காரின் செயலிக்கு 95,000 ரூபாய் கொடுக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "ஐயா, போன வருஷம் ஜப்பானில் பாவித்து இங்கே வந்த 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை வாங்கினேன். போனில் இருந்தபடியே ஏசி போடலாம், சார்ஜ் எவ்வளவு என்று பார்க்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு நாள்கூட அது வேலை செய்யவில்லை. கல்முனையில் ஒருவர், உள்ளே இருக்கும் யுனிட்டை மாற்றி சொஃப்ட்வெயார் ஏற்றினால் சரியாகிவிடும் என்று 95,000 ரூபாய் கேட்கிறார். 20,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். இதற்கிடையில் லண்டனில் இருக்கும் என் தம்பி, தன்னுடைய லீஃபுக்கும் கொம்பனி செயலியை நிறுத்திவிட்டது என்கிறான். அப்படியென்றால் ஒரு நாள் காரும் சார்ஜ் ஏறாமல் நின்றுவிடுமா? மிச்சக் காசைக் கொடுக்கவா, வேண்டாமா?"

கொடுக்க வேண்டாம், ரீச்சர். காரும் நின்றுவிடாது. முதலில் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் காருக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதற்குள் ஒரு சிம். திரை இல்லாத பழைய கைபேசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செயலியில் ஏசியைப் போட அழுத்தினால் அந்தச் செய்தி நேரே காருக்குப் போவதில்லை. முதலில் கொம்பனியின் கணினிக்குப் போகிறது. அந்தக் கணினி கைபேசிக் கோபுரம் வழியாகக் காரில் உள்ள பெட்டியைக் கூப்பிடுகிறது. பெட்டி காருக்குச் சொல்கிறது. கணினி, கோபுரம், பெட்டி மூன்றில் எது இல்லாவிட்டாலும் ஒன்றும் நடக்காது. வாசலில் புதுத் தபால்பெட்டி வைக்கலாம். தபாற்கந்தோரே பூட்டியிருந்தால் கடிதம் எப்படி வரும்? கல்முனைக்காரர் உங்களுக்கு விற்கப் பார்ப்பது தபால்பெட்டியைத்தான்.

உங்கள் காரில் இருப்பது ஜப்பான் சிம். அதற்கான சேவை ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளரின் பெயரில் இருந்தது, ஜப்பானுக்குள் மட்டும் இருந்தது. கார் கப்பல் ஏறியபோதே அது முடிந்துவிட்டது. ஆகவே உங்களுக்கு விற்றவர் சொன்ன வசதி இந்த நாட்டில் உங்கள் காருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. சாவி போட்டதும் ஒரு ஜப்பானியப் பெண்குரல் ஏதோ சொல்லுமே, அதுவும் இந்த வகைதான். ஜப்பானிய அதிவேகப் பாதைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று அது சொல்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து, களுவாஞ்சிகுடிச் சந்தியில் நின்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. தொல்லையாக இருந்தால் அந்த அட்டை செருகும் கருவியைக் கழற்றிவிடலாம், ஒன்றும் ஆகாது.

உங்கள் தம்பியின் கதை வேறு. பிரித்தானியாவில் அந்த வசதி உண்மையிலேயே வேலை செய்தது. 2016க்கு முன் தயாரான லீஃப் கார்களுக்கும் அதே கொம்பனியின் மின்சார வான்களுக்கும் 2024 ஏப்ரல் 1ஆம் திகதியோடு அதை நிறுத்தினார்கள். 2ஜி வலையமைப்பு முடிவுக்கு வருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் அங்குள்ள தொலைபேசி நிறுவனங்கள் 2ஜியை மூட 2033 வரை காலம் வைத்திருந்தன. கோபுரம் நிற்கும்போதே தபாற்கந்தோரை மூடிவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நம் பக்கத்தில் முப்பது வருடம் தாண்டிய டொல்பின் வான்கள் இன்னும் பொத்துவில் வரைக்கும் ஆள் ஏற்றிப் போகின்றன. காரைச் செய்கிறவன் அது பதினைந்து, இருபது வருடம் ஓடும் என்று தெரிந்தே செய்கிறான். அதற்குள் வைக்கும் சிம்முக்கு மட்டும் எட்டு வருடம், பத்து வருடம் என்று ஆயுள் எழுதிவிடுகிறான். விற்கும்போது அதைச் சொல்வதும் இல்லை.

பெட்டியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஏடி அன்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 2016 முடிவோடு 2ஜியை மூடியது. பழைய லீஃப் வைத்திருந்தவர்களுக்கு 3ஜி பெட்டி போட்டுத்தருகிறோம் என்று நிசான் 199 டொலர் கேட்டது. பலர் கட்டினார்கள். 2022 பெப்ரவரியில் ஏடி அன்ட் டி 3ஜியையும் மூடியது. கொம்பனியே முன்னின்று, சொந்தக் கணினியையும் திறந்துவைத்துக்கொண்டு செய்த வேலைக்கு ஐந்து வருட ஆயுள். கொம்பனியின் கணினியைத் தொடவே முடியாத ஒருவர் கல்முனையில் இருந்துகொண்டு 95,000க்கு என்ன தரப்போகிறார்?

அவர் தரக்கூடியது இரண்டில் ஒன்று. உடைத்த காரிலிருந்து கழற்றிய அதே பெட்டியை மாற்றிப் போடுவார், ஒரு பச்சை விளக்கு எரியும், சேர்வர் வர இரண்டு கிழமை ஆகும் என்பார். அல்லது டாஷ்போர்டுக்குக் கீழே சில ஆயிரம் ரூபாய்ச் சீன ஜிபிஎஸ் கருவி ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு, உங்கள் போனில் வேறொரு செயலியைப் போட்டுத்தருவார். வரைபடத்தில் கார் தெரியும், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்தக் கருவியின் கடவுச்சொல் அவர் கையில். நீங்கள் பாடசாலைக்குப் போன நேரம், வீடு திரும்பிய நேரம் எல்லாம் அவருக்குத் தெரியும். சிலர் அதோடு ரிலே என்ற மின் சுவிட்ச் ஒன்றையும் போட்டு, காரை தூரத்திலிருந்து நிறுத்தும் வசதி என்று பெருமையாகச் சொல்வார்கள். உங்கள் காரை இன்னொருவர் தன் போனிலிருந்து நிறுத்தும் வசதி அது. தனியாகக் கார் ஓட்டும் பெண்கள் இதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

கொம்பனியின் சொந்தச் செயலியே ஒரு காலத்தில் பாதுகாப்பாக இருக்கவில்லை. 2016 பெப்ரவரியில் ட்ரோய் ஹன்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், காரின் செசி இலக்கம் மட்டும் தெரிந்தால் வேறொருவரின் லீஃபில் ஏசியைப் போடலாம் என்று காட்டிய பிறகு, நிசான் அந்தச் செயலியைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவந்தது. பல நாடுகளில் விற்ற கார்களில் அந்த இலக்கம் முன் கண்ணாடிக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது.

சொஃப்ட்வெயார் ஏற்றுகிறேன் என்று சொல்பவரிடம் காரை விட இன்னொரு காரணத்துக்காகவும் பயப்படுகிறேன். லீஃபின் பெரிய பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மீற்றரில் 12 கட்டங்கள் காட்டும். முதல் கட்டம் போனால் ஏறக்குறைய 15 வீதக் கொள்ளளவு போய்விட்டது என்று பொருள். உங்கள் காரின் 24 கிலோவாட் மணி பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் அது தேயத்தான் செய்யும். இந்தக் கணக்கை லப்டொப்பால் அழித்து, 12 கட்டமும் நிறைந்த புதுப் பற்றரி போலக் காட்டும் வித்தை இருக்கிறது. பற்றரியில் ஒன்றும் மாறாது, கணக்கு மட்டும் மாறும். சில கிழமைகள் ஓடியதும் கட்டங்கள் ஒவ்வொன்றாக விழும். போன வருடம் அக்கரைப்பற்றிலிருந்து ஓர் இளைஞர் 12 கட்டக் கார் ஒன்றை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். அம்பாறை போய்வந்தாலே சார்ஜ் முடிகிறது என்றார். ஒரு மாதத்தில் அது 9 கட்டத்துக்கு வந்தது. விற்றவரின் போன் அதற்குள் வேலை செய்யவில்லை. செயலி சரியாக்கித் தருகிறேன் என்று வருபவர்களில் சிலர், இதையும் சேர்த்துச் செய்துதரட்டுமா, விற்கும்போது நல்ல விலை போகும் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் அந்த இடத்திலேயே சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, செயலி இல்லாமல் என்ன செய்யலாம்? ஏசியும் சார்ஜும் காருக்குள் இருக்கும் டைமரிலேயே வைக்கலாம். அதற்கு எந்தக் கணினியின் அனுமதியும் வேண்டாம். இரவு சார்ஜ் வயரைச் செருகிவிட்டு, காலை 6.45க்கு ஏசி தயாராக இருக்கும்படி வைத்தால் வீட்டு மின்சாரத்திலேயே கார் குளிர்ந்திருக்கும். எழுத்து ஜப்பானிய மொழியில் இருப்பதால் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதலில் காரின் மணிக்கூட்டைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பல கார்களில் மணிக்கூடு ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஜப்பான் நேரத்தையே காட்டும். அது நம் நேரத்தை விட மூன்றரை மணித்தியாலம் முன்னால். அப்படி இருந்தால் காலை 6.45 ஏசிக்கு 10.15 என்று வைக்க வேண்டும். நேரக் கணக்கு மீற்றர் எடுத்திருக்கிறீர்கள் என்றால் மின்சாரம் மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை. அதை ஜப்பான் நேரம் காட்டும் காரில் 2.00 முதல் 9.00 என்று வைக்க வேண்டும். பற்றரி நிலையைப் போனில் பார்க்க ஆசை என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, காரின் தகவலை வாசிக்கும் ஒரு சின்ன புளூடூத் ஓபிடி கருவியும் லீஃப் ஸ்பை என்ற செயலியும் போதும். காருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும், ஆனால் கொம்பனிச் செயலி காட்டியதைவிட அதிகம் காட்டும்.

கார் நின்றுவிடாது என்று சொன்னேன். ஓட்டும் பகுதியும் சார்ஜ் ஏற்றும் பகுதியும் எந்தச் செயலியையும் எதிர்பார்க்காமல் வேலை செய்பவை. ஆனால் நின்றுவிட்டது போலத் தெரியும் ஒரு நிலைமை உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்களைப் பயமுறுத்திக் காசு பறிப்பது இதை வைத்துத்தான்.

மின்சாரக் காருக்குள்ளும் சாதாரண 12 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கிறது. காரின் மூளையை எழுப்புவது அதுதான். அது பலவீனமானால், பெரிய பற்றரி நிறைய சார்ஜ் இருந்தாலும் கார் எழும்பாது. மீற்றரில் ஒரே நேரத்தில் ஐந்தாறு எச்சரிக்கை விளக்குகள் எரியும், உள்ளே டிக் டிக் என்று சத்தம் வரும், வயரைச் செருகினாலும் சார்ஜ் ஏறாது. பார்ப்பவருக்குக் கொம்பனிதான் எங்கிருந்தோ நிறுத்திவிட்டது போல இருக்கும். செயலி நின்ற செய்தியைக் கேள்விப்பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். உண்மையில் வேண்டியது ஒரு புதுச் சின்னப் பற்றரி. ஆகவே அப்படி நடந்தால் யாருக்கும் போன் பண்ணுவதற்கு முன் அந்தப் பற்றரியின் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். ஓய்வில் 12.6 அளவில் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே இறங்கியிருந்தால் குற்றவாளி அதுதான்.

அந்தச் சின்னப் பற்றரியை இறக்குவதில் சில கார்களில் இந்த சிம் பெட்டிக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 3ஜி மூடிய பிறகு சில சுபாரு கார்களில், இல்லாத கோபுரத்தைப் பெட்டி இரவு முழுக்கத் தேடித் தேடிப் பற்றரியைத் தின்கிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். உங்கள் காரில் அப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சோதிப்பது சுலபம்: காரைப் பூட்டி அரை மணித்தியாலம் விட்டு, 12 வோல்ட் பற்றரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பெட்டியைத் தொட வேண்டாம். கூடுதலாக இருந்து, பெட்டியின் இணைப்பைக் கழற்றியதும் குறைந்தால், கழற்றியே விட்டுவிடலாம். சில கார்களில் கைபேசியில் பேசும் மைக்கும் அதோடு போய்விடும், அதைக் கேட்டுவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு ஓட்டோ இலெக்ட்ரீஷியனுக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை.

சின்னப் பற்றரியை மாற்றும்போது இன்னொரு கவனம். உங்கள் அயலில் அக்வா, அக்சியோ, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பல டொயோட்டாக்களில் பற்றரி இணைப்பைக் கழற்றினால் ரேடியோத் திரை பூட்டிக்கொண்டு குறியீடு கேட்கும், அல்லது வரைபட எஸ்டி அட்டை இல்லாவிட்டால் எழும்பவே எழும்பாது. பின்பக்கக் கமராவும் அதோடு போகும். கழற்றுவதற்கு முன் வேறொரு பற்றரியை இணைத்து மின்சாரம் விடாமல் பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. தெரிந்தே கழற்றிவிட்டுப் பூட்டைத் திறக்கக் காசு கேட்கும் கராஜ்களும் இருக்கின்றன.

2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு புதுக் கார் வாங்க நினைப்பவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று: செயலி எத்தனை வருடம் வேலை செய்யும், சிம் காசை யார் கட்டுவது, செயலி நின்றாலும் சாவியால் காரைத் திறந்து ஓட்டலாமா என்பதை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஃபிஸ்கர் என்ற அமெரிக்க மின்சாரக் கார் கொம்பனி 2024 ஜூனில் வங்குரோத்தானபோது, கையில் புதுக் கார் வைத்திருந்தவர்களே அதன் கணினிச் சேவைக்கு என்ன ஆகும் என்று தவித்தார்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

இனி உங்கள் 20,000. பற்றுச்சீட்டு தந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. தந்திருந்தால் பத்திரமாக வையுங்கள். தராவிட்டால் போன் செய்தியில், வேலை வேண்டாம், முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதுங்கள். அவர் எழுதும் பதிலே ஆதாரம். கார் அவரிடம் நிற்கிறது என்றால், காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் காரை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம், மாவட்டச் செயலகத்திலும் கேட்கலாம். கார் விற்றவர் செயலி பற்றி விளம்பரத்திலோ போன் செய்தியிலோ எழுதியிருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அந்தச் சபைக்கான சட்டம் 2003இல் வந்தது. காருக்குள் சிம், கொம்பனிக் கணினி என்ற பேச்சே நம் ஊரில் இல்லாத காலம். அதனால் கந்தோரில் இருப்பவருக்கு இது புரியச் சற்று நேரம் எடுக்கலாம். ‘இருக்கிறது என்று சொல்லி விற்றார்கள், இல்லை’ என்று மட்டும் சொல்லுங்கள். அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் சொஃப்ட்வெயார் தெரிய வேண்டியதில்லை.